கடலைப் பார்க்குமுன் ஒதுக்கீட்டைப் பாருங்கள்

பாசிர் ரிஸில் வீடு பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உள்ளே நுழைந்ததும் ஜன்னலுக்கு ஓடாதீர்கள். விற்பவர் எந்த இனம், அந்தப் புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டதா, இன்று தேதி என்ன, இந்த மூன்றையும் கேளுங்கள். கடல் நாளைக்கும் அங்கேதான் இருக்கும். ஒதுக்கீடு ஒன்றாம் தேதி கைநழுவிவிடும். எங்களுக்கு அப்படித்தான் போனது.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது 1989 மார்ச்சில். அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒரு பேட்டை முழுக்க ஒரே இனத்தவராகிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு புளோக்குக்கும், அது இருக்கும் அக்கம்பக்கத்துக்கும் தனித்தனி வரம்பு வைத்தார்கள். 2010-இல் உயர்த்திய பிறகு ‘இந்தியர் - பிறர்’ பிரிவுக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. அந்தப் ‘பிறர்’ என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூரேசியர், பிலிப்பினோ, பர்மியர் எல்லாரும் நம் கணக்கில்தான் வருகிறார்கள். நூறு வீடு உள்ள புளோக் என்றால் நம் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பதினைந்து. அது நிரம்பிவிட்டால் நாம் அங்கே அதே பிரிவைச் சேர்ந்தவரிடம் மட்டுமே வாங்கலாம். சீனரோ மலாய்க்காரரோ மனமுவந்து கொடுத்தாலும் வாங்க முடியாது.

கொள்கையோடு எனக்குப் பிணக்கு இல்லை. எங்கள் தாழ்வாரத்தில் நான்கு மொழி கேட்கிறது. எதிர்வீட்டு மலாய்ப் பாட்டியிடம் என் மகள் வளர்கிறாள். அது தானாக அமைந்தது இல்லை, அந்தக் கொள்கையால் அமைந்தது. எனக்குப் பிணக்கு, தேதியைச் சொல்லாமல் விட்ட முகவரோடும், பஞ்சாங்கத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத உறவுக்காரர்களோடும்தான்.

அந்த வீட்டை நாங்கள் பார்த்தது ஜூலையில். நான்கறை வீடு, வடக்கு பார்த்த ஜன்னல். பாசிர் ரிஸில் கடல் வடக்கே இருக்கிறது. அதனால் கடல் பார்த்த வீட்டில் மேற்கு வெயில் நேராக அடிக்காது. எதிரே புலாவ் உபின், நடுவில் மிதக்கும் மீன் பண்ணைகள். வயதான சீனத் தம்பதி, மகனோடு போய் இருக்கப்போகிறார்கள். விலை ஒத்துவந்தது. வீட்டை வாங்கும் உரிமைக்கான ஆப்ஷனுக்கு ஆயிரம் வெள்ளியை எடுத்து வைத்துவிட்டோம். அப்போதுதான் என் கணவரின் பெரியம்மா தொலைபேசியில், “ஆடியில யாராச்சும் வீடு பேசுவாங்களா? ஆவணி பொறக்கட்டும்டா” என்றார். மாமியார் தலையாட்டினார். என் கணவர் வாயைத் திறக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. முகவரைக் கூப்பிட்டு, தள்ளிப்போட்டால் ஏதாவது சிக்கல் வருமா என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லக்கா, அங்கிள் அவசரப்படல” என்றார். அந்தப் பெரியவருக்கும் சீனர்களின் ஏழாம் மாதம் கழிந்த பிறகு வீடு மாறினால் போதுமாம். இரு பக்கமும் நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தோம். ஆகஸ்டு ஒன்றாம் தேதி வந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வீவக அந்த ஒதுக்கீட்டுக் கணக்கைப் புதுப்பிக்கிறது. அதன் இணையத்தளத்தில் புளோக் எண், தெருப் பெயர், விற்பவர் இனம், வாங்குபவர் இனம் கொடுத்தால் ஒரு நொடியில் பதில் வரும். சும்மா பார்ப்போமே என்றுதான் அன்று காலை அலுவலகத்தில் தட்டினேன். விற்பவர் சீனர், வாங்குபவர் இந்தியர். முடியாது என்று வந்தது. புளோக் எண்ணைத் தவறாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். அதே பதில். நாங்கள் ஆவணிக்குக் காத்திருந்தபோது வேறொரு குடும்பம் அந்த அக்கம்பக்கத்தில் வாங்கி முடித்து, 12 விழுக்காட்டை நிரப்பிவிட்டது.

“எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றார் பெரியம்மா. நல்லதா கெட்டதா என்பதற்குக் கணக்கு என்னிடம் இருக்கிறது: 32,000 வெள்ளி.

மகளை அங்குள்ள தொடக்கப்பள்ளியில் சேர்க்க ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முன்னுரிமை. அதனால் வேறு வட்டாரத்துக்குப் போக மனமில்லை. ‘இந்தியர் - பிறர்’ பிரிவினர் விற்கும் வீடு மட்டுமே எங்களுக்கு மிச்சம். அப்படி ஒன்று வந்தது. விற்ற தமிழருக்கு எங்கள் நிலைமை நன்றாகத் தெரியும். அவர் யாருக்கும் விற்கலாம், நாங்கள் அவரிடம் மட்டும்தான் வாங்கலாம். அவர் சொன்னதே விலை. 2014 மார்ச்சிலிருந்து விலையை முதலில் பேசி ஆப்ஷன் வாங்கிய பிறகே வீவகவிடம் மதிப்புக் கேட்க முடியும். மதிப்பு, பேசிய விலைக்கு 32,000 குறைவாக வந்தது. அந்த வித்தியாசத்துக்கு வீட்டுக் கடன் கிடையாது, மத்திய சேம நிதிப் பணத்தையும் தொட முடியாது. ரொக்கமாகக் கட்ட வேண்டும். சிராங்கூன் சாலையில் வாங்கிய என் கல்யாண நகையில் பாதி, சிராங்கூன் சாலைக்கே திரும்பிப் போனது.

இதில் என் மனதை இன்னும் அரிப்பது ஒன்றுதான். ஜூலையில் ஆப்ஷன் வாங்கியிருந்தாலும் ஆடியில் நாங்கள் குடிபோயிருக்க முடியாது. ஆப்ஷனை உறுதி செய்ய 21 நாள் அவகாசம். பிறகு விண்ணப்பம். வீவக அதை ஏற்றுக்கொண்ட பிறகு சாவி கைக்கு வர ஏறக்குறைய எட்டு வாரம். ஆடியும் ஆவணியும் தாமாகவே கழிந்திருக்கும். புரட்டாசியையும் தள்ளிவிட்டு ஐப்பசியில் பால் காய்ச்சியிருக்கலாம். சாஸ்திரம் பால் காய்ச்சுவதற்குத்தானே தவிர ஆப்ஷன் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு இல்லை என்று அன்று வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆப்ஷன் வாங்குமுன் ஒருமுறை, விண்ணப்பம் போடுமுன் மறுமுறை, இடையில் ஒன்றாம் தேதி வந்தால் அன்று காலையிலும், இணையத்தில் நீங்களே பாருங்கள். முகவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

மற்றவை எல்லாம் வரிசையாக நடக்கும் வேலைகள். 2023 மே மாதத்திலிருந்து வீட்டுத் தகுதிக் கடிதம் இல்லாமல் ஆப்ஷன் வாங்க முடியாது, அதை முதலில் எடுங்கள். ஆப்ஷன் கட்டணம் 1,000 வெள்ளிக்கு மேல் கேட்கக் கூடாது, மொத்த முன்பணம் 5,000-ஐத் தாண்டக் கூடாது. முதல்முறை வாங்கும் குடிமக்கள் தம்பதிக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் நான்கறை வரை 80,000 வெள்ளி, ஐந்தறை என்றால் 50,000 வெள்ளி குடும்ப மானியம். நாங்கள் நான்கறையோடு நின்றதற்கு அதுவும் காரணம்.

“தேக்காவை விட்டுட்டு அந்த உலு ஏரியாவுக்கா போறே?” என்று கேட்காதவர் இல்லை. தேக்காவின் பஃப்ளோ ரோட்டில் மாமனாரின் மூன்றறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மாமனார் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்கியிருந்தால் அருகாமை மானியம் 20,000 வெள்ளி கிடைத்திருக்கும் என்று இன்றும் குத்திக்காட்டுகிறார்கள். அந்த 4 கிலோமீட்டருக்குள் என்ன விலை என்று அவர்கள் விசாரிக்கவில்லை. என் கணவருக்குச் சாங்கி விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை. எனக்குத் தேக்காவில் கணக்கு வேலை. பாசிர் ரிஸ் ரயிலின் முதல் நிலையம், காலையில் உட்கார்ந்தே வரலாம். பூகிஸில் மாறினால் அடுத்து ரோச்சோர், அதற்கடுத்து லிட்டில் இந்தியா. மாலையில் தேக்கா சந்தையில் கருவேப்பிலை, துருவிய தேங்காய், வெள்ளியென்றால் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவேன். நீங்களும் எப்படியும் தேக்காவுக்கு வரத்தான் போகிறீர்கள். 2030-இல் குறுக்குத் தீவு ரயில்பாதை பாசிர் ரிஸ் வழியாக ஓடத் தொடங்கும்போது மேற்கே போவதும் எளிதாகும்.

கடல் பக்கம் குடியிருப்பதைப் பற்றிச் சில விஷயங்களை யாரும் சொல்வதில்லை. உப்புக்காற்று. முதலில் ஜன்னல் கம்பித் திருகாணிகளில் பழுப்பு நிறம் ஏறும், பிறகு அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். வெளியே மாட்டிய குளிரூட்டிக் கருவியைச் சுத்தம் செய்ய அடிக்கடி ஆள் கூப்பிட வேண்டும். எனக்கு அதையெல்லாம் விட வருத்தம் குத்துவிளக்குதான். புளி போட்டுத் தேய்த்து நிறுத்தினால் அடுத்த வெள்ளிக்குள் கறுத்துவிடும். பூசை மாடத்தை ஜன்னலிலிருந்து உள்பக்கம் மாற்றிய பிறகுதான் கொஞ்சம் தாங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நேராக நம் ஜன்னலில்தான் அடிக்கும். வீடு பார்க்கும்போது ஜன்னலடிச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள், சுண்ணாம்பு உப்பியிருந்தால் தெரிந்துவிடும். கண்டல் காட்டுப் பக்கம் மாலையில் போனால் மணல் ஈ கடிக்கும், பிள்ளைக்கு முழுக்கால் சட்டை போடுங்கள்.

அமைதியான பேட்டை என்று முகவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். வீட்டைச் சனி, ஞாயிறில்தான் காட்டுவார்கள். வேலை நாளில் ஒருமுறை போய் நில்லுங்கள். பாய லேபார் விமானத் தளத்துப் போர் விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். 2030-க்குப் பிறகு அந்தத் தளம் இடம் மாறப்போகிறது என்பதை நாங்கள் கணக்கில் வைத்துக்கொண்டோம்.

இன்னும் ஒன்று, இதை வாங்கும்போதே பாருங்கள். அதே இணையப் பக்கத்தில் விற்பவரை இந்தியராகவும் வாங்குபவரைச் சீனராகவும் மாற்றிப் போடுங்கள். முடியாது என்று வந்தால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது இந்த ஊரின் முக்கால்வாசிப் பேர் உங்கள் வீட்டை வாங்க முடியாது என்று பொருள். விலை தானாக விழும். 2022-இலிருந்து, பத்தாண்டு சொந்தமாக வைத்திருந்து, ஆறு மாதம் முயன்றும் இந்த வரம்பால் விற்க முடியாதவர்கள் வீவகவிடமே உதவி கேட்கலாம் என்று ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் அது கடைசிப் புகலிடம். எங்கள் புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பவில்லை. இந்த முறை அதைப் பார்த்த பிறகுதான் பேனாவைக் கையில் எடுத்தேன்.