கயிறு கட்டினால் போதுமா? செங்காங் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கைத்துப்பாக்கியின் பிடியில் கோர்த்து இடுப்புவாரில் மாட்டும் கயிற்றுக்கு லேன்யார்ட் என்று பெயர். செங்காங்கில் யார் வீட்டு அலமாரியிலும் கைத்துப்பாக்கி இருக்காது, சட்டம் விடாது. விளையாட்டுக்காகச் சுடுகிறவர்களின் துப்பாக்கிகூடக் கழகத்தின் பெட்டகத்தில்தான் கிடக்கும். ஆனால் துணைப் போலிஸ் வேலைக்குப் போகும் தம்பியோ, தேசிய சேவைக்குப் புறப்படும் மகனோ இருக்கிற வீடுகள் ஆங்கர்வேலிலும் ரிவர்வேலிலும் எத்தனையோ. அதே கயிறு அலுவலக அட்டையிலும் கைப்பேசியிலும் சாவியிலும் எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. துப்பாக்கிக்கு உள்ள விதிகளில் பாதி இவற்றுக்கும் பொருந்தும்.

1. உறை முதலில், கயிறு பிறகு. ஆயுதம் ஏந்தும் வேலையில் இருப்பவர் பணி தொடங்கும்போது துப்பாக்கியை வாங்கி, முடிந்ததும் ஒப்படைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். நடுவே உள்ள மணி நேரங்களுக்குத்தான் கயிறு. ஓடும்போதோ மல்லுக்கட்டும்போதோ துப்பாக்கி நழுவினால் தரையில் உருண்டு யார் காலடிக்காவது போகாமல் அது தடுக்கும். பறித்துக்கொண்டு ஓடவும் விடாது. இது வீண் பயமில்லை. 1978 ஏப்ரலில் மவுண்ட் வெர்னன் காவல் சாவடியில் இருந்த இளம் போலிஸ்காரரை மூன்று பேர் கடத்திக் கொன்றது அவருடைய ரிவால்வருக்காகத்தான். 2015 ஜூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையில், காவலில் இருந்த ஒருவர் அதிகாரியின் துப்பாக்கியைப் பிடுங்கப் போய், குண்டு வெடித்து அதிகாரி காயமடைந்தார். பிடுங்கியவர் நின்ற இடத்திலேயே சுட்டால் கயிறு என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. அந்த ஆபத்தைக் குறைப்பது, அணிந்திருப்பவருக்கு மட்டும் கைவந்த அசைவில் திறக்கும் பூட்டுறை. உறை தளர்ந்திருக்க, கயிறு இருக்கிறதே என்று தைரியமாக இருப்பதைவிடக் கயிறே இல்லாமல் இருப்பது மேல் என்பேன், எச்சரிக்கையாவது இருக்கும்.

2. நீளத்தைக் கையை நீட்டி அளக்கவும். இரு கைகளாலும் பிடித்து முழுக்க நீட்டிக் குறி பார்க்கும்போது கயிறு இழுக்கக் கூடாது. கையை இறக்கினால் முழங்காலுக்குக் கீழே தொங்கவும் கூடாது. தொலைபேசிக் கம்பி மாதிரி சுருண்டிருக்கும் வகை இதனால்தான் நல்லது. தொங்கும் வளையம் கார் இருக்கை வாரிலும் கதவுக் கைப்பிடியிலும் சிக்கும். அதைவிட மோசம், துப்பாக்கியைத் திரும்ப உறையில் வைக்கும்போது மடிந்த கயிறு உள்ளே புகுந்து விசையை அழுத்துவது. வைக்கும்முன் உறையின் வாயைக் கண்ணால் பார்ப்பது கட்டாயம். சுருள் கயிற்றில் விழும் துப்பாக்கி எகிறித் திரும்பி வரும். அதைத் தாவிப் பிடிக்கவே கூடாது, விரல் விசையில் படும். விழட்டும், ஆடி நிற்கட்டும், பிறகு எடுக்கலாம்.

3. கழுத்தில் மாட்டுவது எதுவானாலும் இழுத்தால் அறுந்துவிட வேண்டும். முதல் உலகப் போர்க்கால வெப்லி ரிவால்வரின் பிடியடியில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். குதிரைமேல் இருப்பவனால் விழுந்த துப்பாக்கியை இறங்கி எடுக்க முடியாது. அதனால் வளையத்தில் கயிறு கோர்த்துக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொண்டார்கள். கைகலப்பில் கழுத்துக் கயிறு எதிரிக்குக் கிடைத்த சுருக்கு. இன்று துப்பாக்கிக் கயிறு இடுப்புவாருக்கு இறங்கிவிட்டது. பிள்ளைகளின் அட்டைக் கயிறுதான் இன்னும் கழுத்திலேயே இருக்கிறது. வாங்கும்போது பிடரிப் பக்கம், வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும் பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடையிலேயே இழுத்துச் சோதியுங்கள். புளோக்குக்குக் கீழே உள்ள சறுக்குமரத்தில் ஏறும்முன் அட்டை, தண்ணீர்ப்புட்டி வார் எல்லாவற்றையும் கழற்றிவிடுவது நல்லது. அமெரிக்காவில் 1996இலேயே பிள்ளைகளின் மேற்சட்டைக் கழுத்துக் கயிறுகளுக்கு எதிராக நெறிமுறை வந்தது. அவை விளையாட்டுச் சாதனங்களில் மாட்டிக் கழுத்தை நெரித்ததுதான் காரணம்.

4. தெக்கோங் போகும் மகனுக்கு முறுக்கு டப்பாவோடு ஒரு சுருள் கறுப்புக் கயிறும். புலாவ் தெக்கோங் அடிப்படைப் பயிற்சியில் காட்டில் தங்கும் நாட்கள் வரும். திசைகாட்டி, டார்ச், கத்தரி என்று சின்னச் சாமான் ஒவ்வொன்றையும் உடுப்போடு கட்டிவைப்பது பையன்களின் பழக்கம். இருட்டில் சேற்றில் விழுந்த திசைகாட்டியைத் தேடுவதைவிட முடிச்சுப் போடக் கற்பது எளிது. பீச் ரோடு கோல்டன் மைல் உணவு நிலையத்து மாடியில் உள்ள ராணுவச் சாமான் கடைகளில் இது கிடைக்கும். சிறு சாமானுக்கு ஒன்றரை முழம் போதும். திசைகாட்டியைக் கண் உயரத்துக்குத் தூக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்து வெட்டிக்கொடுக்கலாம். நைலான் கயிறாக இருந்தால் வெட்டிய நுனியை மெழுகுவத்தியில் காட்டி உருக்கிவிடவும், பிரியாது. துப்பாக்கிக்கு மட்டும் நாம் எதையும் செய்து கொடுக்க வேண்டாம். அதை எதால், எங்கே கட்டுவது என்பது பயிற்சியாளர் சொல்வதுதான்.

5. கைப்பேசி வாரைத் தோளில் குறுக்காகப் போடவும், கழுத்தில் வேண்டாம். உறைக்கும் கைப்பேசிக்கும் நடுவே செருகும் சின்னத் தகடு மடிந்துபோயிருந்தால் மாற்றிவிடுங்கள். வார் அறுவதைவிடத் தகடு கிழிவதுதான் அதிகம். எல்ஆர்டி கதவு மூடும்போதும் மின்தூக்கிக் கதவு மூடும்போதும் வாரைக் கையில் பிடித்துக்கொள்ளவும்.

6. உயரத்தில் வேலை செய்யும்போது கருவியைக் கட்டவும். பதினான்காம் மாடியில் சன்னல் துடைக்கும் தூரிகை கைநழுவினால் கீழே யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. உயரத்திலிருந்து பொருள் எறிந்த குற்றத்துக்கு வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு (வீவக) உண்டு. தூரிகைப் பிடியில் கயிறு கோர்த்து மறுமுனையை உள்பக்கம் சன்னல் கம்பியில் கட்டுங்கள். மணிக்கட்டில் வேண்டாம், உங்களையும் இழுக்கும். பணிப்பெண் வெளிப்பக்கம் துடைப்பதானால் கம்பி பூட்டியிருக்க வேண்டும், வீட்டுக்காரர் அருகில் நிற்க வேண்டும், இது விதி.

7. ஊரிலிருந்து தீபாவளித் துப்பாக்கி வரவேண்டாம். தாத்தா ஆசையாகப் பெட்டியில் வைத்துவிடும் கேப்புச் சுருளில் வெடிமருந்து இருக்கிறது. சிங்கப்பூரில் பட்டாசுக்கு 1972 முதல் தடை. நிஜம்போலத் தோன்றும் பொம்மைத் துப்பாக்கி, ஜெல் உருண்டை சுடும் துப்பாக்கி, கைத்துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டர் ஆகியவையும் சிக்கலில் மாட்டிவிடும். இணையக் கடையில் விற்கிறார்கள் என்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. மத்தாப்பூ வேண்டுமென்றால் தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலைக் கடைகளில் அனுமதி பெற்றதே கிடைக்கும்.

8. கயிற்றையும் துவைக்கவும். நம் ஊர் வியர்வைக்கு அட்டைக் கயிறு ஒரே மாதத்தில் பிசுபிசுக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, கொக்கியைத் துணியால் ஈரம் போகத் துடைத்தபின் நிழலில் உலர்த்துங்கள். கொக்கியின் நாக்கு தானாகத் திரும்பி மூடவில்லையென்றால் எண்ணெய் விட்டுப் பார்க்காமல் புதிதாக ஒன்று வாங்குங்கள்.