லூப்பஸ் நோயை மருத்துவர் துணியும் வகை

உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்குவதால் விளையும் நோய் லூப்பஸ். இலத்தீன் மொழியில் இச்சொல் ஓநாயைக் குறிக்கும். இந்நோய் பிள்ளைபெறும் பருவத்துப் பெண்களையே பெரிதும் பற்றுகின்றது.

காய்ச்சலும் மூட்டுவலியும் கண்டால், டெங்கு என்றோ சிக்குன்குனியா என்றோ வன்னியில் வாழும் நாம் எண்ணுதல் இயல்பு. அவை நெடுநாள் நீடிப்பின், கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவிற் படரும் செந்தடிப்பு, வாய்ப்புண், மயிருதிர்வு ஆகியவற்றை மருத்துவர் தேடுவர்.

1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து ஹார்கிரேவ்ஸ் குழுவினர், இந்நோயாளரிடத்துத் தனிவகை உயிரணு ஒன்றைக் கண்டு வெளியிட்டனர். இன்று, உயிரணுக் கருவைத் தாக்கும் பிறபொருளெதிரிகளை இரத்தத்திற் சோதிக்கின்றனர். நோயற்றோர் சிலரிடத்தும் அவை காணப்படுமாதலின், அச்சோதனை ஒன்றே சான்றாகாது. குறிகள் பலவும் ஒருங்கு பொருந்தவேண்டும்.

சிறுநீரகமோ நோவின்றியே பழுதுறும். ஆதலின் சிறுநீரிற் புரதம் உண்டா என்று பார்ப்பர். வேண்டின், சிறுநீரகத்தினின்று சிறு துணுக்கெடுத்து ஆராய்வர். வவுனியாப் பகுதியிற் காரணம் தெளியாத சிறுநீரக நோயும் உண்டு. எனவே இரண்டையும் வேறுபிரித்தறிதல் இன்றியமையாதது. லூப்பஸைக் காலத்தே கண்டால் மருந்தால் அடக்கலாம்.

மணவயதுப் பெண்ணின் நோயைப் பெற்றோர் ஊராரிடம் மறைக்கலாம். மருத்துவரிடம் மறைத்தல் தகாது.