தாய்மீனும் குஞ்சும்

விதை பொறுக்கி விதைக்க வேண்டும் என்பதை உழவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூலின் தரம் அறியாமல் பாவு ஓட்டும் நெசவாளரும் இலர். ஆயினும், ஏரி குளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்க முற்படும் சங்கங்கள் குஞ்சு வாங்கும்போது மட்டும், எண்ணிக்கையையும் விலையையும் விசாரிப்பதோடு நின்றுவிடுகின்றன. அக்குஞ்சுகள் எத்தகைய தாய்மீன்களுக்குப் பிறந்தவை என்று கேட்பவர் சிலரே. நெல்லில் கலப்பு இருந்தால் கதிர் வெளிப்படும்போது தெரிந்துவிடும். மீனில் உள்ள குறையோ, பல மாதம் தீவனமிட்டு, வலை இழுக்கும் நாளில்தான் தெரியும். அதற்குள் அங்கத்தினரின் பங்குப் பணம் நீரில் கரைந்துவிடும். ஆதலின், மீன் குஞ்சு உண்டாக்கும் முறையை இங்கு ஆராய்வோம்.

குளத்தில் சினை, ஆற்றில் முட்டை

நாம் பெரும்பாலும் வளர்க்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கெண்டை இனத்தவை. கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளில் பல்கிப் பெருகுபவை. இவை குளத்திலே நன்கு வளரும், சினையும் பிடிக்கும். ஆனால், தேங்கிய நீரில் முட்டை இடுவதில்லை. மழைக்காலத்தில் ஆற்றில் புதுவெள்ளம் பாயும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி தன் சாரத்தை இரத்தத்தில் கலக்கிறது. அதன் ஏவலால் முட்டை முற்றி வெளிப்படுகிறது. குளத்தில் இத்தூண்டுதல் இல்லாமையால், முட்டைகள் வெளிவராமல் வயிற்றிலேயே கரைந்து போகின்றன.

எனவே, முற்காலத்தில் வெள்ளப் பருவத்தில் ஆற்றிலே நுண்வலை கட்டிக் குஞ்சுகளைப் பிடித்து வந்தனர். அவற்றோடு பிற மீன்களைத் தின்னும் மீன்களின் குஞ்சுகளும் கலந்தே வந்தன. இந்நிலையை மாற்றியவர் ஹீராலால் சௌத்ரி. 1957 ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் உள்ள அங்குல் என்னும் ஊரில், பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, ரெபா என்னும் சிறு கெண்டையை அவர் முட்டையிடச் செய்தார். இம்முறை பின்னர்ப் பெருங்கெண்டைகளுக்கும் பயன்பட்டது. அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

செய்முறை

இரண்டு முதல் நான்கு வயதுள்ள, நோயற்ற மீன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பருவத்தில் பெண் மீனின் வயிறு பருத்து மெத்தென்றிருக்கும். மலவாய் சிவந்து தடித்திருக்கும். ஆண் மீனின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். வயிற்றை மெல்ல அழுத்தினால் பால் போன்ற விந்து வரும்.

பெண் மீனுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பியின் சாற்றை முதல் ஊசியாகவும், ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மில்லிகிராம் சுரப்பியின் சாற்றை இரண்டாம் ஊசியாகவும் செலுத்துவர். இரண்டாம் ஊசியின்போது ஆண் மீனுக்கும் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வீதம் கொடுப்பர். இப்போது ஒரே ஊசியில் காரியம் முடியும் செயற்கை மருந்துகளும் வழக்கத்தில் உள்ளன.

ஊசியிட்ட மீன்களை, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில், ஹாப்பா எனப்படும் துணித்தொட்டியில் விடுவர். நெசவாளர் இதன் அமைப்பைக் கவனிப்பது நன்று. முட்டை பொரிக்கும் ஹாப்பா இரட்டைத் தொட்டியாகும். வெளித்தொட்டி நெருக்கமான துணியாலும், உள்தொட்டி கொசுவலைத் துணியாலும் ஆனது. உள்ளே பொரிந்த குஞ்சு வலைக்கண் வழியே வெளித்தொட்டிக்கு நீந்தி வந்துவிடும். முட்டையோடு உள்ளேயே தங்கிவிடும். பெரிய பண்ணைகளில் இப்பொழுது, சீன முறையைத் தழுவி, நீர் சுழன்று ஓடும் வட்டத் தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள்.

நீரின் வெப்பம் 27 முதல் 31 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால், ஏறக்குறைய 14 முதல் 18 மணி நேரத்தில் முட்டை பொரிக்கும். மூன்று நாள் வரை குஞ்சு தன் வயிற்றில் உள்ள கருவுணவைக் கொண்டே வாழும். அதன்பின், பூச்சி புழுக்களை அகற்றிய நாற்றங்கால் குளத்தில் விடவேண்டும்.

எளிமையில் உள்ள ஆபத்து

ஒரு கிலோ எடையுள்ள ரோகு இரண்டு இலட்சத்துக்கு மேலும் முட்டை இடவல்லது. ஆகவே சில மீன்களைக் கொண்டே ஒரு பண்ணை பல இலட்சம் குஞ்சுகளை விற்றுவிடலாம். குறை இங்கேதான் தோன்றுகிறது. அதே சில மீன்களின் வழியில் வந்தவற்றையே மீண்டும் மீண்டும் தாய்மீனாக வைத்துக்கொண்டால், உடன்பிறந்தவை தம்முள் கூடி, வளர்ச்சி குன்றும். உறுப்புக் குறையும் நேரும். நோயைத் தாங்கும் வலிமையும் தளரும். மேலும், ஊசியிட்ட கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் விட்டால் கலப்பினம் தோன்றும். அவற்றையும் தாய்மீனாக்கினால் இரு இனங்களின் தூய்மையும் கெடும்.

இதற்கு மாறான வழியும் உண்டு. புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தார், பல ஆறுகளிலிருந்து ரோகு மீன்களைத் திரட்டித் தலைமுறைதோறும் தேர்ந்தெடுத்து, ‘ஜெயந்தி ரோகு’ என்னும் வகையை உருவாக்கினர். 1997இல் வெளியிடப்பட்ட இவ்வகையில், ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரி நூற்றுக்குப் பதினேழு பங்கு வளர்ச்சி கூடியது. தாய்மீனைப் பலவிடத்திலிருந்து திரட்டித் தேர்ந்தெடுப்பதன் பயன் இதனால் விளங்கும்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

குஞ்சு வாங்குமுன் பண்ணைக்கு நேரில் சென்று நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். தாய்மீன்கள் எங்கிருந்து வந்தவை? கடைசியாகப் புதிய மீன்களைச் சேர்த்தது எப்போது? ஒவ்வோர் இனத்தையும் தனியே வைத்து ஊசியிடுகிறார்களா? இவற்றுக்குக் கணக்குப் புத்தகம் உண்டா? தக்க விடை கிடைக்காத இடத்தில், விலை மலிவென்று ஏமாறலாகாது.

சொந்தமாகக் குஞ்சு உற்பத்தி செய்யும் சங்கங்களுக்கும் ஒன்று கூறுவோம். ஒரு சங்கம் தனித்து நின்று பல வழியில் வந்த தாய்மீன்களைப் பேணுவது கடினம். ஆனால், அண்டையிலுள்ள சில சங்கங்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து தாய்மீன் பெற்று, நோயில்லை என்று சோதித்த பின், ஆண் மீன்களைத் தம்முள் மாற்றிக்கொண்டால், செலவு குறையும், வழியும் கெடாது. தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடி முடிப்பதற்கன்றோ நாம் சங்கம் கண்டோம்?