கோதுமையை நிறுத்தச் சொல்லும் முன்: இளம் உணவியலாளருக்கு ஒரு கடிதம்



வயிற்றுவலியும் உப்புசமும் மலம் கழிப்பதில் ஒழுங்கின்மையும் மாதக்கணக்கில் நீடிக்க, பரிசோதனைகளில் குடலில் புண்ணோ கட்டியோ காணப்படாத நிலையை மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று குறிப்பிடுகின்றனர். இந்நிலையோடு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் கோதுமையைத் தாமாகவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, தீர்ப்பை மட்டும் உணவியலாளரிடம் எதிர்பார்க்கின்றனர். அத்தீர்ப்பை அவசரமாக வழங்கிவிடுவதே இத்துறைக்குப் புதியவர்கள் பெரிதும் செய்யும் பிழை.

கோதுமையை விலக்கச் சொல்வதற்கு முன்னரே சீலியாக் நோய் உண்டா என்பது தெளிவாக்கப்பட வேண்டும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைப்பது சீலியாக் நோய். அதற்குரிய எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் தேடும் பரிசோதனை, நோயாளி கோதுமையை வழக்கம்போல உண்டுவரும் காலத்தில் மட்டுமே நம்பத்தக்க விடை தரும். உணவை முதலில் மாற்றிவிட்டுப் பரிசோதனைக்குப் பின்னர் அனுப்பினால் எதிர்ப்பொருள்கள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்ற முடிவு வரக்கூடும். தென்னிந்தியாவில் இந்நோய் வட இந்தியாவைவிட மிகக் குறைவு என்பது உண்மையே. அந்த அரிதான தன்மை பரிசோதனையைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடையிழப்பு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய தொல்லை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உணவுப் பேச்சை நிறுத்தி, அவரை மருத்துவரிடம் திருப்பி அனுப்புவதே முறை.

சீலியாக் இல்லை என்று உறுதியான பிறகு எழும் வினா, கோதுமையில் தொல்லை தருவது எது என்பதாகும். மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல், சிறுகுடலில் சரிவர உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதிக்கும் குறுஞ்சங்கிலி மாவுச்சத்துகளை ஃபாட்மேப் என்ற பொதுப்பெயரால் தொகுத்தனர். கோதுமையில் இவ்வகையைச் சேர்ந்தது ஃப்ரக்டான். ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்த இப்பொருளைப் பிளக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அதே ஆய்வுக்குழு 2011இல் குளூட்டனே தொல்லை தருவதாகக் கண்டு, 2013இல் 37 பேரின் பின்னணி உணவிலிருந்து ஃபாட்மேப்களை முதலில் குறைத்துவிட்டுச் சோதித்தபோது குளூட்டனுக்கென்று தனி விளைவு எதையும் காணவில்லை. நார்வேயில் 59 பேரிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வும், குளூட்டனைவிட ஃப்ரக்டானே அதிகத் தொல்லை தந்ததைக் காட்டியது. தம் முந்தைய முடிவைத் தாமே சோதித்துத் திருத்திக்கொண்ட மெல்பர்ன் குழுவின் நேர்மை, கண்டுபிடிப்பைப் போலவே கற்கத்தக்கது.

ஃப்ரக்டான் பெருங்குடலில் நொதித்து வாயுவாவது அனைவருக்கும் பொதுவானது. நாட்டிங்காம் ஆய்வாளர்கள் காந்த அதிர்வுப் படங்களின் மூலம் ஒப்பிட்டபோது, நலமுள்ளோர் குடலிலும் ஐ.பி.எஸ். உள்ளோர் குடலிலும் வாயுவின் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க, வலியை உணர்ந்தவர்கள் பெரும்பாலும் பின்னவர்களே என்பது தெரிந்தது. ஆகவே ஒரு மாவை நஞ்சாகச் சித்திரிப்பது அறிவியலாகாது; உணர்வு மிகுந்த குடல் எந்த அளவைத் தாங்கும் என்று கண்டறிவதே உணவியலாளரின் வேலை.

இவ்விடத்தில் மாவின் பெயரைவிட அது புளித்த நேரம் முக்கியமாகிறது. ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, ரொட்டிக் கோதுமையின் பிசைந்த மாவில் ஒரு மணி நேரத்தில் உச்சத்தில் இருந்த ஃபாட்மேப் அளவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் புளித்ததும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரைகளை உண்டுவிடுவதே இதற்குக் காரணம். இங்கிலாந்தின் சார்லிவுட்டில் 1961இல் உருவான, மாவை வேகமாக அடித்துப் புளிக்கும் நேரத்தைச் சுருக்கும் முறை பல நாடுகளில் பேக்கரித் தொழிலை மாற்றியமைத்ததை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். ஆயினும், பின்லாந்தில் 26 பேரிடம் நடந்த சிறு ஆய்வொன்றில் புளிப்பு மாவு சேர்த்து நெடுநேரம் புளிக்கவைத்த சார்டோ ரொட்டி சாதாரண ஈஸ்ட் ரொட்டியைவிட மேலாகத் தாங்கப்படவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. சார்டோவில் குளூட்டன் எஞ்சியிருப்பதால் சீலியாக் நோயாளிக்கு அது எவ்வகையிலும் ஏற்றதன்று. சார்டோ என்று விற்கப்படும் எல்லாம் உண்மையில் நெடுநேரம் புளித்தவை அல்ல என்பதால், எத்தனை மணி நேரம் புளித்தது என்று கடைக்காரரிடம் கேட்கும்படி நோயாளிக்குச் சொல்லித் தருவது பயனளிக்கும்.

தமிழ்நாட்டுச் சமையலறையில் இன்னொரு சிக்கல் உண்டு. சப்பாத்தியும் பரோட்டாவும் பொதுவாகத் தனியே உண்ணப்படுவதில்லை. உடன்வரும் குருமாவிலும் சால்னாவிலும் அரைத்துச் சேர்த்த வெங்காயமும் பூண்டும் ஃப்ரக்டான் நிறைந்தவை. குருமாவின் பழி சப்பாத்தியின்மேல் விழுவது அரிதன்று. ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது என்பதால், பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். குழம்பில் கொதித்த பூண்டைப் பொறுக்கி எடுப்பதால் பயனில்லை.

அரிசி மாவும் சோளமும் மக்காச்சோள மாவும் ஃபாட்மேப் குறைந்தவை; இடியாப்பமும் அரிசிப் புட்டும் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. கடலை மாவும் சோயா மாவும் ஃப்ரக்டானின் உறவான கேலக்டோ-ஒலிகோசாக்கரைடுகள் மிகுந்தவை என்பதால், சத்து மிகுந்ததாகக் கருதி வாங்கப்படும் மல்டிகிரெய்ன் ஆட்டா, பருப்புகள் சேர்த்த சத்துமாவு ஆகியவை வெறும் கோதுமையைவிட அதிகத் தொல்லை தரக்கூடும். குளூட்டன் இல்லை என்ற முத்திரையோடு வரும் விலையுயர்ந்த ரொட்டியில் நார்ச்சத்துக்காகச் சிக்கரி வேரின் இனுலின் சேர்க்கப்பட்டிருக்கலாம். இனுலினும் ஒருவகை ஃப்ரக்டானே ஆதலால், நோயாளி தப்பியோடிய பொருளையே இருமடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்.

தவிடு சேர்த்த பழுப்பு ரொட்டியைப் பொதுப்படையாகப் பரிந்துரைக்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. நெதர்லாந்தில் 275 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், நீரில் கரைந்து கூழாகும் இசப்கோல் உமி தொல்லையைக் குறைக்க, கோதுமைத் தவிடு உண்டவர்களில் பலர் தொல்லை கூடி இடையிலேயே விலகினர்.

ஃபாட்மேப் குறைந்த உணவு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கான சோதனையே அன்றி வாழ்நாள் விரதம் அன்று. நீண்ட கட்டுப்பாடு, பெருங்குடலின் நன்மை தரும் பிஃபிடோ பாக்டீரியாக்களைக் குறைப்பதோடு, உண்பதையே அஞ்சும் மனநிலையையும் வளர்க்கக்கூடும். உண்ணுதல் சார்ந்த மனக்கோளாறு உள்ளவருக்கு இதைத் தொடங்கவே கூடாது. தொல்லை தணிந்ததும் அரைச் சப்பாத்தி, பின்பு ஒன்று, பின்பு இரண்டு என்று, குருமா இல்லாமல், சில நாள் இடைவெளியில் கோதுமை திரும்ப அளிக்கப்பட வேண்டும். தாங்கும் அளவு அப்போதுதான் தெரியவரும். ஆறு வாரத்திலும் மாற்றம் இல்லையென்றால் கட்டுப்பாடு முழுவதையும் நீக்கி வேறு காரணம் தேடுவதே சரி.

மறுவருகைக்கான தேதியைக் குறிக்காமல் தவிர்ப்புப் பட்டியலை எவர் கையிலும் கொடுக்க வேண்டாம் என்பதே இத்துறைக்கு வரும் இளையோரிடம் வைக்கப்படும் வேண்டுகோள்.