நரம்பு நஞ்சும் தோட்ட மருந்தும்

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். விஷவாயுவிலிருந்து வீரர்களைக் காக்க நம் நாட்டில் ஆராய்ச்சி நடக்கிறதா? தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் எங்களுக்கு அதனால் பயன் உண்டா?
– வாசகர், பாச்சலூர்

பதில்: நடக்கிறது. குவாலியரில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வுக்கூடம் நச்சுகளைக் கண்டறியும் கருவி, முறிமருந்து, பாதுகாப்பு உடை என்று இதற்காகவே உழைக்கிறது. இந்தியா தன்னிடம் இருந்த ரசாயன ஆயுதங்களை 2009-இல் அழித்து முடித்தது. காக்கும் ஆராய்ச்சி மட்டும் தொடர்கிறது. தொடரத்தான் வேண்டும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. 1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் பூச்சிக்கொல்லி தேடும்போது கிடைத்ததே ‘டபுன்’ என்ற நரம்பு நஞ்சு. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளும் அதே பாஸ்பரஸ் குடும்பம்தான். வீரியம் குறைவு, தாக்கும் வழி ஒன்றே. நரம்புச் செய்தியை நிறுத்தும் நொதியை முடக்குகின்றன. கண்மணி சுருங்கும், எச்சில் ஒழுகும், வியர்க்கும், மூச்சு முட்டும். வீரர் ஊசியாகக் குத்திக்கொள்ளும் முறிமருந்தான அட்ரோபினைத்தான் மருத்துவமனையிலும் போடுகிறார்கள்.

வீரரின் உடையில் கரித்தூள் அடுக்கு நஞ்சை உறிஞ்சிக்கொள்ளும். முகத்தில் கட்டும் துண்டு அப்படிச் செய்யாது. நனைந்தால் நஞ்சை மூக்கருகிலேயே வைத்திருக்கும். தோல் வழியாகவும் விஷம் ஏறும். அதனால் கையுறை, முழுக்கைச் சட்டை அணிந்து, காற்று வீசும் திசையிலேயே அடியுங்கள். மயக்கம் வந்தால் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். உங்கள் மலையூரிலிருந்து மருத்துவமனை தூரம், தாமதிக்காதீர்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் மருத்துவரிடம் கொடுங்கள்.