வாசலுக்கு வரும் மருந்து

நுழையும்முன்

நோய், வறியவர் செல்வர் என வேறுபாடு பார்ப்பதில்லை. ஆயினும், சிகிச்சை பெறும் வாய்ப்பு எல்லார்க்கும் ஒன்றாக அமைவதில்லை. அவ்விடைவெளியைக் குறைக்கத் தமிழகம் மேற்கொண்ட முயற்சிகளை இப்பாடம் விளக்குகிறது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறது. வறியோர்க்கான நலத்திட்டங்களையும் இந்நான்கின் துணைகொண்டு ஆராயலாம்.

மருந்தும் மருத்துவரும்

மருத்துவமனை இருந்தும் மருந்து இல்லையெனில் பயனில்லை. இக்குறையைக் களைய 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி வழியே மொத்தமாக வாங்குவதால் மருந்தின் விலை குறைகிறது. ஆய்வகச் சோதனையில் தேறிய மருந்துகள் மாவட்டக் கிடங்குகளிலிருந்து அரசு மருத்துவமனைகளைச் சென்றடைகின்றன.

பெருஞ்செலவு பிடிக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்காக 2009இல் அரசு காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக விளங்குகிறது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை இதன்வழிச் சிகிச்சை பெறலாம்.

எஞ்சி நின்ற இடைவெளி

இரத்த அழுத்தமும் நீரிழிவும் நாள்தோறும் மாத்திரை வேண்டும் நோய்கள். மருந்து விலையின்றிக் கிடைப்பினும், அதை வாங்கச் செல்லும் நாளில் தொழிலாளி தம் கூலியை இழக்கிறார். உடலில் வலி தோன்றாதபோது, கூலியை விடுத்து வரிசையில் நிற்க யார் மனம் துணியும்? மாத்திரை உண்பது நின்றுபோகிறது. பின்னர்ப் பக்கவாதம் தாக்கும்போது குடும்பத்தின் வருவாயே நின்றுபோகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்விடைவெளியை நோக்கியதே. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதிக்கின்றனர்; மாத்திரைகளை வழங்குகின்றனர். படுக்கையில் இருப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் இல்லத்திலேயே அளிக்கப்படுகின்றன. குறள் கூறும் நான்காம் கூறான துணைபுரிபவர் இங்கு வாசற்படி ஏறி வருகிறார்.

ஒரு நலத்திட்டத்தின் வெற்றியை, அதற்கு ஒதுக்கிய தொகையைக்கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. கூலியை இழக்காமல் ஒருவர் தம் மாத்திரையைத் தவறாது உண்ண முடிகிறதா என்பதே உரிய அளவுகோலாகும்.

தெரிந்து தெளிவோம்

1978இல் அல்மா-ஆட்டா நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு, அனைவர்க்கும் நலவாழ்வு கிடைக்க அடிப்படைச் சுகாதாரச் சேவையே வழி என அறிவித்தது.

சிந்தனை வினாக்கள்

1. மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்வதன் பயன் யாது?
2. விலையில்லா மருந்துக்கும் வறியோர் விலை கொடுக்க நேர்வது எவ்வாறு? விளக்குக.
3. உம் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சென்று, அங்குக் கிடைக்கும் சேவைகளைத் தொகுத்து எழுதுக.