தார் பாலையில் உழவு

பாலைவனம் என்றதும் மணலும் ஒட்டகமும்தான் நம் மனசில் வரும். ஆனால் ராஜஸ்தானின் மேற்கே விரிந்து பாகிஸ்தானுக்குள்ளும் போகும் தார் பாலைவனம் ஆளில்லாத காடு இல்லீங்க. உலகப் பாலைவனங்களிலேயே மக்கள் நெருக்கமாக வாழ்வது அங்கேதான். அவர்களில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு, உழவும் கால்நடையும்.

ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு மழை ஏறக்குறைய 200 மில்லிமீட்டர். நம் மாநிலச் சராசரி 900-க்கு மேல். அந்தக் கொஞ்சமும் ஜூலை முதல் செப்டம்பருக்குள், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். கோடை வெயில் 48 டிகிரியைத் தாண்டும். குளிர்கால இரவிலோ நடுக்கம் எடுக்கும். இதைத் தாங்கும் பயிர்கள் கம்பு, நரிப்பயறு, கொத்தவரை. நரிப்பயறு தரையோடு படர்ந்து மண்ணை மூடிக்கொள்ளும். உயிர்மூடாக்கு என்று நாம் சொல்வதை அந்தச் செடியே செய்துகொள்கிறது!

மழையைப் பிடிக்கும் முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. அதன் பெயர் கடீன். ஜெய்சல்மேரின் பாலிவால் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கட்டியது. பாறை மேட்டில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவரும். சரிவின் அடியில், தாழ்ந்த நிலத்துக்குக் குறுக்கே நீளமான மண்கரை போட்டு அதை நிறுத்துகிறார்கள். மிஞ்சிய தண்ணீர் வெளியேறக் கலிங்கும் உண்டு. விளையும் நிலத்தைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு மேடு, தண்ணீர் தருவதற்கென்றே சும்மா கிடக்கும். சும்மா என்றால் தரிசு இல்லை, மேய்ச்சல் நிலம். ஆடுமாடுகளின் சாணமும் புழுக்கையும் வண்டலோடு சேர்ந்து வயலுக்கு வந்துவிடும். தண்ணீர் வடிந்ததும், ஐப்பசி கார்த்திகை வாக்கில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அப்புறம் பாசனமே கிடையாது, மண்ணில் ஊறிய ஈரம்தான். கரிசலில் கொண்டைக்கடலை எடுக்கிறவங்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

வயலுக்குள்ளேயே வன்னி மரம் நிற்கும். அங்கே கேஜ்ரி என்பார்கள். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான். வேர் ஆழத்துக்குப் போய்விடுவதால் மேலே உள்ள பயிரோடு தண்ணீருக்குப் போட்டி போடுவது குறைவு. நடுக்கோடையில் துளிர்க்கும். தழை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், காய் குழம்புக்கும். (சீமைக்கருவேலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குக் கணுவில் ஜோடி ஜோடியாக முள். வன்னிக்குக் கணுக்களுக்கு இடையே சிறுசிறு முட்கள்.) டிராக்டர் வந்தபின் கன்றுகள் உழவிலேயே அறுபட்டுப் போகின்றன. பெரிய மரங்களின் வேரும் காயம்பட்டு, பூச்சியும் பூசணமும் ஏறிக் காய்கின்றன.

சேவண் புல்லுக்கும் அதே கதிதான். தார்பார்க்கர் மாட்டை வளர்த்தது அந்தப் புல். மணலைப் பிடித்து வைத்திருப்பதும் அதுவே. அதை உழுது புரட்டினால் மண் காற்றோடு போகும், கானமயிலுக்கு முட்டையிட இடமும் போகும். அந்தப் பறவை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறுந்தரையில். வெட்டுக்கிளியையும் வண்டையும் பொறுக்கித் தின்னும், உழவருக்கு வேண்டிய பறவை. எடை அதிகம், நேரெதிரே பார்வை குறைவு. அதனால் மின்கம்பியில் மோதிச் சாகிறது. இப்போது உலகத்திலேயே 200-க்கும் குறைவாகத்தான் மிச்சம். அதில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் புல்வெளிகளில்தான் இருக்கிறது.